வெறும் வட்டம்

ஜூன் 14, 2025

கீழ்க்காட்டில் மறுபடியும் பன்றி. என் பக்கம் நான்கு வரிசை. தம்பி சின்னுசாமியின் பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு. காலையில் வரப்பில் நின்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி வளர்ந்த மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, தோலுரிந்து வெள்ளையாகக் கிடந்தது. தின்றதைவிடக் கடித்துத் துப்பியது அதிகம்.

"உங்களுக்கென்னுங்கண்ணா, மாசமானா பென்சன் வருது. எனக்கு இதுதான் பென்சன்" என்றான், ஒரு கிழங்கைக் காலால் புரட்டியபடி.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. நான் முப்பத்து மூன்று வருடம் ராசிபுரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்று மலை மேல் வளப்பூருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அந்த முப்பத்து மூன்று வருடமும் அப்பாவுடைய காட்டையும், அப்பாவையும், அப்பாவுடைய துப்பாக்கியையும் பார்த்துக்கொண்டவன் அவன். அப்பா போன பிறகு துப்பாக்கி லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. மனு எழுதவும் ஆபீஸ் ஏறி இறங்கவும் எனக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. அவன் பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இன்னும் எழுதவில்லை.

ஜூன் 17

இன்று சாயங்காலம் அவன் துப்பாக்கிக்கு மருந்து போடுவதைப் பார்த்தேன். 

இது பழைய மாதிரித் துப்பாக்கி. எல்லாம் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் மருந்து, பிறகு தேங்காய் நார், அதன் மேல் ஈய ரவை, மறுபடி நார். பிறகு நீளமான இரும்புக் கோலை விட்டு இடித்து இறுக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் திரும்பவும் முதலிலிருந்து. இதையெல்லாம் அவன் அடுப்புக்கு நான்கு முழம் தள்ளி, தரையில் குந்தி உட்கார்ந்து, வாயில் பீடியோடு செய்துகொண்டிருந்தான். மருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். ரவை அவன் பெண்டாட்டி பாப்பாயியின் கடுகு டப்பாவில்.

"பீடியை அணைடா."

"அணைச்சா கை நடுங்குமுங்கண்ணா. அது இன்னும் மோசம்."

பாப்பாயி அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வருடமாகப் பழகிப்போன காட்சி.

ஆரம்பிக்கும் முன் அவன் ஒன்று செய்தான். குழாயை இடது கையால் பிடித்து, கோலை வலது கையால் உள்ளே விட்டான். அடியில் 'டண்' என்றது. கோல் வெளியே எவ்வளவு நிற்கிறது என்று இடது கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். "காலி" என்றான். உள்ளே ஏற்கெனவே போட்டிருந்தால் கோல் அவ்வளவு தூரம் இறங்காதாம். கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே செய்தான்.

உள்ளே மருந்து இருந்திருந்தால்? அதன் தலையில் இரும்பைப் போட்டு இடிக்கிறான். ஒரு பொறி போதும். என் ஆய்வகத்தில் ஒரு பையன் மண்ணெண்ணெயில் கிடந்த சோடியத்தை வெறும் கையால் எடுத்தான் என்பதற்காக ஒரு மாதம் அவனை உள்ளே விடவில்லை நான். இங்கே என் கூடப் பிறந்தவன் வெடிமருந்தைக் கடுகு மாதிரி அள்ளுகிறான்.

ஜூன் 18

எதற்கும் ஓர் இடம் வேண்டும். இடம் இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

ஜூன் 29

வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையை ஒழித்தாயிற்று. மூன்று நாள் வேலை. மிளகுச் சாக்கு, பழைய தார்ப்பாய், உடைந்த முறம், எலி.

"மொளகுச் சாக்க இனி எங்கீங்க போடறது, உங்க தலமாட்டுலயா?" என்றாள் சென்னம்மாள். முப்பத்து மூன்று வருடமாக இவளுக்கு ஒரு சாக்கு வைக்க இடமில்லாத வாடகை வீடுகளிலேயே குடும்பம் நடத்தினேன். இப்போது கிடைத்த ஒரு கொட்டகையையும் பிடுங்கிக்கொண்டேன். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் ஒழித்தேன்.

மேசைக்கு மரம் தயாராக இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற வருடம் பள்ளியில் பழைய டெஸ்குகளை ஏலம் விட்டார்கள். இரண்டை எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. ஒரு பலகையில் காம்பஸ் முனையால் 'பூபதி' என்று ஆழமாகக் கீறியிருக்கிறது. அந்தப் பூபதி இப்போது மலையிலேயே போலீஸ்காரன். பாதையில் என்னைக் கண்டால் பைக்கை நிறுத்தி இறங்குவான். டெஸ்க்கைக் கெடுத்ததற்கு அன்று முட்டி போட வைத்தேன். கீறல் அப்படியே இருக்கிறது, அவன் வளர்ந்துவிட்டான்.

ஜூலை 13

மேசை நின்றுவிட்டது. இடுப்பு உயரம், குனிய வேண்டாம். கால்களைத் தரையில் புதைத்துவிட்டேன், அசையாது. ஆணித் தலை எதுவும் மேலே தெரியாமல் மரத்துக்குள் இறக்கி மெழுகால் மூடியிருக்கிறேன். மேசை விளிம்பில் சுற்றிலும் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சட்டம் — ஒரு ரவை உருண்டாலும் கீழே போகாது. துப்பாக்கியை நிமிர்த்தி வைக்க, வாய் ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிற மாதிரி, பலா மரத்தில் ஒரு கவை.

மருந்துக்கு எதிர் மூலையில் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. ரவைக்கு வேறு பெட்டி. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. ஜன்னலோரம் மணல் வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று. மின்சார விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை. வாசலில் ஒரு கல் — பீடி, தீப்பெட்டி, செல்போன் மூன்றையும் அதன் மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

சின்னுசாமி வந்து வாசலிலேயே நின்றான்.

"என்னுங்கண்ணா, ஆஸ்பத்திரில ஆப்பரேசன் பண்ற ரூமாட்டம் இருக்குது. செருப்பையும் கழட்டோணுமா?"

"கழட்டு."

கழற்றினான். ஊரெல்லாம் என்னை 'சார்' என்கிறது. இவன் ஒருவனுக்குத்தான் நான் அண்ணன். உள்ளே வந்து மேசையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "வேல சுத்தமா இருக்குதுங்கண்ணா" என்றான். எனக்கு இனித்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பள்ளி ஆய்வு அதிகாரி பாராட்டியபோதுகூட இப்படி இனித்ததில்லை.

ஜூலை 20

ஆசாரி புதுக் கோல் கொண்டுவந்தார். மரக்கோல். இனி இரும்பு வேண்டாம், பொறி பயம் இல்லை. பழையதைவிட ஒரு சாண் நீளமாகச் செய்யச் சொன்னேன். இடிக்கும்போது கையும் முகமும் குழாய் வாயிலிருந்து தள்ளி இருக்கும். பழைய இரும்புக் கோலைப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

தம்பி புதுக் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எனக்குப் பேசாதுங்கண்ணா" என்றான்.

"கோல் எதுக்குடா பேசணும்?"

கோலைக் கவையில் சாய்த்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 3

கோலுக்குப் பதிலாகச் சிலேட்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று, ஆனால் நல்ல யோசனை.

அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவான். அதனால் எழுத்தே வேண்டாம். மேசைக்கு மேலே ஒரு சிலேட்டு. சாக்பீஸால் ஒரு வட்டம். வெறும் வட்டம் என்றால் துப்பாக்கி காலி. வட்டத்துக்குள் சாக்பீஸால் நிரப்பியிருந்தால் துப்பாக்கியில் மருந்து இருக்கிறது. குடம் மாதிரி என்று விளக்கினேன்: தண்ணீர் இருக்கிற குடம், இல்லாத குடம். யார் நிரப்பினாலும் அடுத்த நொடி வட்டத்தை நிரப்ப வேண்டும். யார் சுட்டாலும் வந்தவுடன் அழித்து வெறும் வட்டம் போட வேண்டும்.

"சந்தேகம் வந்தால் சிலேட்டைப் பார். கோலை விட்டு நோண்டாதே."

"சரிங்கண்ணா."

ஆகஸ்ட் 24

பன்றியைக் கொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. சத்தம் காட்டி விரட்டத்தான். அப்படியானால் ரவை எதற்கு என்று கேட்டேன். "வெறும் சத்தத்துக்கு அது இப்பப் பழகிப் போச்சுங்கண்ணா. மேல மரத்துல நாலு எல உதுந்தாத்தான் ஓடுது" என்கிறான்.

நேற்று அவன் காடு தப்பித்தது. என் காடும்.

ஆகஸ்ட் 31

சொல்லச் சொல்லக் கேட்க மாட்டேன் என்கிறான். இன்று சிலேட்டில் வெறும் வட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அப்புறமும் மரக்கோலை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் தடவுகிறான். நீளம் மாறியதால் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று தடவை இழுத்து இழுத்து விடுகிறான்.

பாப்பாயி சோறு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். அவள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"சின்னா, விரலுக்குக் கண் இல்லை. தெர்மாமீட்டர் இருக்கும்போது நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பாயா?"

"இல்லீங்கண்ணா."

"அப்புறம்?"

கோலை எடுத்துக் கவையில் வைத்தான். கட்டைவிரலை வேட்டியில் துடைத்தான்.

செப்டம்பர் 21

மூன்று வாரமாக ஒரு தவறும் இல்லை. இப்போது உள்ளே வந்ததும் அவன் கண் நேராகச் சிலேட்டுக்குத்தான் போகிறது. கோலை நோண்டுவதே இல்லை. ஐம்பத்து நான்கு வயது ஆளுக்கு ஒரு பழக்கத்தை விடவைத்து இன்னொன்றைப் பழக்குவது லேசா?

வகுப்பில் நாற்பது பேருக்குச் சொல்லி மூன்று பேருக்குப் போய்ச் சேர்ந்தால் அன்று நல்ல நாள் என்பேன். இங்கே ஒருவனுக்குச் சொல்லி ஒருவனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அக்டோபர் 5

அவன் பெயரை லைசென்ஸில் சேர்க்கும் மனு — தீபாவளிக்குப் பிறகு எழுத வேண்டும்.

அக்டோபர் 18

எழுத முடியவில்லை.

அக்டோபர் 19

நாமக்கல் பெரியாஸ்பத்திரி. வராண்டா. பேப்பர் கடையில் ஒரு நோட்டு வாங்கி இதை எழுதுகிறேன். பிறகு டைரியில் ஒட்டிக்கொள்ளலாம்.

தம்பிக்கு இடது கை. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் இல்லை. கன்னத்தில் தீப்புண். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர்.

நேற்று ஆறரை மணி சுமாருக்கு அவன் காட்டோரம் பன்றிகளைப் பார்த்திருக்கிறான். ஓடிவந்து கொட்டகையில் மருந்து போட்டு, எடுத்துக்கொண்டு போய்ச் சுட்டிருக்கிறான். குழாய் நடுவில் பிளந்துவிட்டது. ஒரு பங்கு மருந்துக்குச் செய்த குழாயில் இரண்டு பங்கு.

இருட்டிய பிறகு நிரப்பினான். பகலில் மட்டும் என்று விதி. விதியை அவன்தான் —

இல்லை. வேண்டாம். இங்கேயாவது வேண்டாம்.

நாலு மணிக்கு நான் நிரப்பி வைத்தேன். ராத்திரிக் காவலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. வட்டத்தை நிரப்பப் போனால் சாக்பீஸ் தேய்ந்து நகத்தளவுதான் இருந்தது. புதியது எடுக்க வீட்டுக்குள் போனேன். போன் அடித்தது. முருகானந்தம், 2004ஆம் வருடத்துப் பையன், திருப்பூரிலிருந்து தீபாவளி வாழ்த்து. முக்கால் மணி நேரம் பேசினான். "நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் சார் நான் இன்னிக்கு நெதானமா இருக்கேன்" என்றான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன். பிறகு டீ குடித்தேன். சாக்பீஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

சிலேட்டில் வெறும் வட்டம்தான் இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு போக ஜீப் வரும்வரை பத்து நிமிடம் இருந்தது. துண்டு எடுக்கக் கொட்டகைக்கு ஓடினேன். துண்டை எடுத்தேன். கை நீண்டு சிலேட்டையும் துடைத்தது. யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 20. தீபாவளி

ஜீப்பிலேயே அவன்தான் சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டு: "வெடி கையில வெடிச்சிருச்சுன்னு சொல்லீருங்கண்ணா. தீவாளி சமயம், நம்புவாங்க. லைசென்சு உங்க பேர்ல, சுட்டது நானு. உங்க பென்சனுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

வார்டில் வெடிக் காயத்தோடு இன்னும் நான்கு பேர். எல்லோரும் பொடியன்கள். நர்ஸ் அவனைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன வயசுங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

மதியம் பாப்பாயி தலைமாட்டில் நின்றாள். நான் ஆப்பிள் அரிந்துகொண்டிருந்தேன். மேலே பார்த்தபடி அவன் சொன்னான்: "இருட்டுல வட்டத்தச் சரியாப் பாக்காம போட்டுட்டனுங்கண்ணா. எந் தப்புதான்."

பாப்பாயி என்னைப் பார்த்தாள். நான் ஆப்பிளை அரிந்தேன். நல்ல மெல்லிசான துண்டுகள்.

அக்டோபர் 29

வீட்டுக்கு வந்துவிட்டான். கொட்டகையைப் பூட்டினேன். பிளந்த துப்பாக்கி உள்ளே, கவையில், சுவரைப் பார்த்தபடி.

சென்னம்மாள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு அந்தச் சிலேட்ட ஏனுங்க தொடச்சீங்க?"

ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.  அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 9

ஊரில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'அணுகுண்டு'. டீக்கடையில் இன்று நான் இருக்கும்போதே சுப்பண்ணன் கேட்டார்: "ஏனப்பா அணுகுண்டு, அடுத்த வருசம் உனக்குக் கம்பி மத்தாப்பு போதுமா?" எல்லோரும் சிரித்தார்கள். சின்னுசாமி டம்ளரை வலது கையால் எடுத்து, "சங்குசக்கரம் ஒண்ணு சேத்தி வாங்கிக் குடுங்க மாமா" என்றான்.

நானும் சிரித்தேன். எழுதி வைக்கிறேன், சிரித்தேன்.

நவம்பர் 16

அவனால் குச்சிக்கிழங்கு பிடுங்க முடியாது. ஒரு கையால் தண்டைப் பிடித்து இழுத்தால் மண் விடாது. பாப்பாயி தனியாகப் பிடுங்குகிறாள். காலையிலிருந்து நானும் சென்னம்மாளும் போய் நின்றோம். முதுகு ஒடிகிறது. ஒடியட்டும்.

"நீங்க போங்க மாமா, இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்ல" என்றாள் பாப்பாயி. அன்பாகத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையன் அன்றைக்கு மட்டும் கூப்பிடாமலே வந்து கரும்பலகையைத் துடைப்பான். நான் கண்டுபிடித்துவிடுவேன். "என்னப்பா உடைச்சே?" என்பேன். இங்கே என்னைக் கேட்க ஆளில்லை.

நவம்பர் 23

இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை.

நவம்பர் 30

போனேன். ஆட்கள் வந்திருந்தார்கள்.

டிசம்பர் 7

போகவில்லை.

டிசம்பர் 14

சென்னம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுமா?"

"சொன்னா என்ன ஆகும்? விரல் முளைக்குமா?"

"மொளைக்காதுங்க. ஆனா அந்த மனுசன் தங் கண்ணு அவுஞ்சு போச்சுன்னு நெனச்சுட்டே காலம் பூரா இருப்பாரே."

நான் ரசம் கேட்டேன். ஊற்றினாள். 

டிசம்பர் 19

பூபதி போன் செய்தான். தேர்தல் வரப்போகிறதாம்; லைசென்ஸ் துப்பாக்கிகளை இப்போதே ஸ்டேஷனில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். "நீங்க சிரமப்பட வேண்டாங்க சார், நானே வந்து பாத்துக்கறேன்" என்றான்.

வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். அந்தக் கொட்டகைக்குள் அவன் வரக் கூடாது. மேசையில் அவன் பெயர் இருக்கிறது.

டிசம்பர் 22

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பூபதி பிரித்துப் பார்த்தான். பிளந்த இடத்தில் விரலை வைத்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். பத்து விரல்.

"சுடறப்ப யாருங்க சார் புடிச்சிருந்தது?"

"நான்தான்."

 தீபாவளிக்கு மலையில் யாருக்குக் கை போயிற்று என்று அவனுக்குத் தெரியாதா? அவன் பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினான்.

"பழைய கொழாய், துருப்புடிச்சு வெடிச்சிருச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க சார். லைசென்ச ஒப்படைச்சர்றேன்னும் சேத்துங்க. நீங்க எழுதுனா சரியாத்தானுங்க சார் இருக்கும்."

எழுதினேன். ஒரு அடித்தல் இல்லாமல், ஓரம் விட்டு, தேதி போட்டு. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும். ஊர் முழுக்க இப்படி நம்பித்தான் என்னை வைத்திருக்கிறது. தம்பியும் அப்படி நம்பித்தான் ஒரு சிலேட்டைப் பார்த்தான்.

 

டிசம்பர் 27

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி. களத்தில் சாமை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சாக்கின் வாயைப் பல்லால் இழுத்துப் பிடித்து, வலது கையால் கயிற்றைச் சுற்றுகிறான். நான் பிடிக்கப் போனேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றான். நின்றபடியே சொன்னேன்.

"சின்னா, அன்னைக்கு நாலு மணிக்கே நான் மருந்து போட்டு வெச்சிருந்தேன். வட்டத்த நெரப்பல. மறந்துட்டேன். நீ சரியாத்தான் பாத்தே. சிலேட்ட நான் அப்புறம் துடைச்சுட்டேன்."

அவன் முடிச்சைப் போட்டு முடித்தான். சாக்கை வாயிலிருந்து விட்டான்.

"தெரியுமுங்க" என்றான்.

பக்கத்து மூட்டைக்கு நகர்ந்தான்.

"டார்ச்சு அடிச்சு ரெண்டு தடவ பாத்தேனுங்க. வெறும் வட்டம். அப்பவும் மனசு கேக்கல, கோல விட்டுப் பாக்கலாமுன்னு கை போச்சு. அந்தப் புதுக் கோல்ல எனக்கு ஒண்ணுந் தெரியாதே. இடிக்கறப்ப கோலு வெளியில அதிகமா நிக்கிறாப்பல இருந்துச்சு. கோலே நீளந்தானேன்னு விட்டுட்டேன். வெரலுக்குக் கண்ணு இல்லீன்னு நீங்க சொன்னீங்க. செரி, சிலேட்டுக்கு இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சும் ஏன்டா ஆஸ்பத்திரில உன் தப்புன்னு சொன்னே?"

"பாப்பாயி நின்னுட்டிருந்தா. அவ முன்னால உங்களத் தப்புச் சொல்ல வாய் வரல. நானே அப்படிச் சொன்னா நீங்க இல்லடான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன்." சாக்கை உதறினான். "நீங்க ஆப்பிள் அரிஞ்சீங்க."

நான் என்னென்னவோ சொன்னேன். பயம் என்றேன். பென்ஷன் என்றேன். தினமும் வர நினைத்தேன் என்றேன். அவன் எதையும் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டே சாமையை அள்ளிப் போட்டான்.

"எழுவது நாளாச்சுங்க இன்னையோட" என்றான் கடைசியில். "கட்டுப் பிரிச்சது, தையல் எடுத்தது, எல்லாம் நாள் கணக்குத்தானே. அப்படியே இதையும் எண்ணிட்டு வந்தேன். நீங்க வர்றப்பெல்லாம் இன்னைக்கிச் சொல்லுவீங்கன்னு இருப்பேன். ஒரு நாளு தூங்கறாப்பலகூடப் படுத்திருந்தேன், எழுப்பிச் சொல்லுவீங்கன்னு."

பாப்பாயி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கிழங்கு பிடுங்கிய அந்த நாள் முழுக்க, என் பக்கத்தில் நின்று பிடுங்கிய ஒவ்வொரு குச்சிக்கும், தெரிந்திருக்கிறது.

டீ வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பினேன்.

அவன் பேசியதை இப்போது எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். ஓர் இடத்திலும் 'அண்ணா' இல்லை. அங்கே நிற்கும்போது கவனிக்கவில்லை.

டிசம்பர் 31

டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: வெடி இல்லை, துப்பாக்கி, அவன் தப்பு இல்லை, என் தப்பு. சுப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. "விடுங்க சார், யாருக்குத்தான் தப்பு நடக்காது" என்றார் ஒருவர். என் தப்பை மன்னிக்க இவர்களுக்கு அரை நிமிடம் ஆயிற்று. அவனுக்கு இரண்டு மாதம் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

ஜனவரி 4, 2026

மேசையைப் பிரித்தேன். ஆணிகளை மெழுகு சுரண்டி ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறேன். மிச்சமிருந்த மருந்தைப் பூபதி வந்து எடுத்துக்கொண்டு போனான். அவன் பெயர் கீறிய பலகையைக் காட்டவில்லை.

மிளகுச் சாக்குகள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. சென்னம்மாள் தானே தூக்கி வைத்தாள்.

பரண் மேலிருந்து இரும்புக் கோலை எடுத்தேன். மேல் முனையிலிருந்து ஒரு சாண் கீழே, பளபளவென்று ஒரு சிறு குழி. முதலில் அப்பாவுடையது, பிறகு அவனுடையது — இரண்டு பேர் கட்டைவிரல் தேய்த்த இடம். கண் இல்லை என்றேன்.

கோலைத் துணியில் சுற்றி அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 6

கோல் எங்கள் வாசலில் இருந்தது. அதே துணியில்.

ஜனவரி 15

பொங்கல். பாப்பாயி வழக்கமாகப் பொங்கல் போட்டுக் கொண்டுவரும் தூக்குப் போசி வரவில்லை. சென்னம்மாள் இங்கிருந்து கொண்டுபோனாள். வெறும் போசியோடு திரும்பினாள். வாங்கிக்கொண்டார்களாம். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜனவரி 19

பக்கத்து ஊர் சோளக்காட்டில் ஒரு வேலை. காலை பஸ்ஸில் கூட்டம். ஏறி நின்றேன். முன்னால் மூன்றாவது சீட்டில் அவன். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"உக்காருங்க சார்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் கண்டக்டர், "வாத்தியாருக்கு வழி விடுங்க" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன்.

சோளக்காடு வரை அவன் நின்றபடியே வந்தான். வளைவுகளில் எல்லோரும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார்கள். அவன் வலது கையால் பிடித்துக்கொண்டான்.